மேட்டில் அடங்கிய விசில்

அந்த மேட்டில் முதலில் அடங்கியது விசில்தான். பழைய டீசல் கார் ஓட்டியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பெடலை அழுத்தியதும் எஞ்சினின் உறுமலுக்கு மேலே மெல்லிசாக ஒரு விசில் எழும். வேகம் கூடக் கூட அதுவும் சுருதி ஏறிக்கொண்டே போகும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போ என்கிற சின்னக் காற்றாடியின் சத்தம் அது. மலேசியாவின் ஜோகூரில், ஆயர் ஈத்தாமிலிருந்து கூலாய்க்கு வரும் பழைய சாலையில், இரண்டு பக்கமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மண்டிய ஒரு நீண்ட ஏற்றத்தில், நல்ல வெயிலில், அந்த விசில் பாதியில் அடங்கியது. விசில் அடித்துக்கொண்டிருந்த ஒருவன் நம்மைக் கண்டதும் வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. என் கால் பெடலை அழுத்தியபடிதான் இருந்தது. எஞ்சினும் அணையவில்லை. ஆனால் வேகம் குறைந்துகொண்டே வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் சாலை தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகை. பக்கத்தில் இருந்த அண்ணி பயப்படவில்லை. வெளியே செம்பனை மரங்களைப் பார்த்தபடி, "இங்கதான்," என்றார்.

என் அண்ணனுக்கு விபத்து நடந்தது அந்த ஏற்றத்தில்தான். அது அவருடைய கார். சிங்கப்பூரில் வேலை அவருக்கு. விடியுமுன் எழுந்து பாலம் கடந்து போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் ஜோகூர்க்காரர்களில் ஒருவர். ஓய்வு நாளொன்றில் ஆயர் ஈத்தாமில் ஒரு நண்பரின் புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டிருந்த செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்றை முந்துவதற்காக வலப்பக்கம் எடுத்திருக்கிறார். லோரிக்குப் பக்கவாட்டில் வந்த கார் அதற்குமேல் முன்னேறவில்லை. எதிரே ஒரு வேன் வந்தது. அண்ணன் இன்னும் வலப்பக்கம் ஒடித்துச் சாலையைத் தாண்டி, கால்வாயில் இறங்கி, ஒரு செம்பனையில் போய் முட்டினார். வேனில் இருந்தவர்களுக்குக் கீறல்கூட இல்லை. காருக்கும் முன்பக்கம் நசுங்கியதோடு சரி. ஆனால் காற்றுப்பை இல்லாத பழைய கார். ஸ்டீரிங் நெஞ்சில் மோதியதில், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அண்ணன் போய்விட்டார்.

அந்த லோரியை ஓட்டியவர் வயதான மலாய்க்காரர். ஆம்புலன்ஸ் வரும்வரை அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கால்வாயிலேயே உட்கார்ந்திருந்தாராம். அடக்கத்தன்று வீடு தேடி வந்து, வாசலில் ஒதுங்கி நின்று, நடந்ததைச் சொன்னார். நல்ல மனிதர். அவர் மனசறிந்து ஒரு பொய் சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் தீ வைத்தது அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். பக்கத்தில் வந்தவர் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை, லோரியோடு சமமாகவே வந்தார், நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுவிட்டு, "டியா மாச்சாம் துங்கு ஓராங்," என்றார். யாருக்காகவோ காத்திருக்கிறவர்போல இருந்தார் என்று அர்த்தம். அது போதாதா எங்கள் சொந்தக்காரர்களுக்கு? போலீஸ் பிரேக்கையும் டயரையும் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றது. சாவியைத் திருகியதும் எஞ்சின் உடனே எழுந்தது. காரில் கோளாறு இல்லையென்றால் மனிதனிடம்தான் கோளாறு என்று கணக்குப் போட்டார்கள். பெரியப்பா பந்தலில் உட்கார்ந்துகொண்டு, "அவன் வேணும்னேதான் விட்டுட்டான்," என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ரகசியம் பேசினார்.

அண்ணி அதை நம்பினார். நம்புவதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, குனிந்தபடியே என்னிடம் சொன்னார். அன்று ஒரு நாளாவது வீட்டில் இருப்பதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தாராம். கடைசி நேரத்தில் நண்பன் வீட்டு விசேஷம் என்று கிளம்பியதும் அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "போறதுன்னா அப்படியே போயிடுங்க, திரும்பி வர வேணாம்னு சொன்னேம்மா. பதிலே சொல்லாம சப்பாத்து மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அத நெனச்சுக்கிட்டேதான் அங்க காத்துக்கிட்டு இருந்துருக்காரு. என் வாயாலதான் போனாரு." நான் முன்கோபக்காரி. இதைவிட மோசமாக எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன், ஒருத்தரும் செத்துப் போகவில்லை. அதை அப்படியே அண்ணியிடம் சொன்னேன். அவர் இலைகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டே இருந்தார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கும் குடும்பம் கிடையாது. தம்போயில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, அண்ணியோடு இருக்கக் கூலாய் வீட்டுக்கு வந்துவிட்டேன். செனாய் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சரக்குகளைச் சோதித்து அனுப்பும் பிரிவில் எனக்கு வேலை. கூலாயிலிருந்து அது பக்கம்தான். அண்ணி அங்கே ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டே அவருடைய பகல் போய்விடும். காரை விற்றுவிடலாம் என்று நான் சொன்னபோது மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது இருக்கட்டும்," என்றார். தம்போயில் எனக்குத் தெரிந்த பட்டறையில் முன்பக்கத்தைச் சரி செய்து கொண்டுவந்தோம். ஊருக்குள் ஓட்டியவரை ஒரு குறையும் இல்லை. பல மாதம் கழித்து ஆயர் ஈத்தாமில் ஒரு கல்யாணம். திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஒரே நெரிசல் என்று கேள்விப்பட்டுப் பழைய சாலையைப் பிடித்தேன். அன்றுதான் விசில் அடங்கியது.

அண்ணி வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய், பட்டையில் இன்னும் காயம் ஆறாத அந்த மரத்தடியில் நின்று ஏதோ பேசினார். எனக்குக் கேட்கவில்லை. செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், வரிசைகளுக்கு நடுவில் வெளிச்சம் ஒரு மாதிரி பச்சையாக இருக்கும், தூரத்தில் இருப்பது மரமா ஆளா என்று சொல்ல முடியாது. காற்று இல்லை. ஒரு ஓலை மட்டும் எங்கேயோ உரசிக்கொண்டிருந்தது. அண்ணி திரும்பி வந்து உட்கார்ந்ததும் காரை எடுத்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி அது மேட்டில் ஏறியது. நின்றிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன். அப்படி ஏறியதற்குத்தான் பயந்தேன்.

அதற்குப் பிறகு அண்ணி வாராவாரம் அங்கே போக வேண்டும் என்றார். சனிக்கிழமை காலையானால் தலைக்குக் குளித்து, நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு, பிளாஸ்கில் அண்ணனுக்குப் பிடித்த கோப்பியை ஊற்றி எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் தயாராக நிற்பார். மேட்டைத் தாண்டிப் போய் வண்டியைத் திருப்பி எடுத்துவந்து கீழேயிருந்து அந்த மேட்டில் நான் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே இடத்தில் விசில் அடங்கும். வண்டி தளரும். புகை எழும். "புடிச்சுட்டாரு பாரு," என்று அண்ணி சிரிப்பார். கல்யாணமான புதிதில் அண்ணனைப் பற்றிப் பேசும்போது அப்படித்தான் வெட்கத்தோடு சிரிப்பார். மரத்தடியில் கோப்பியை ஊற்றி, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து மண்ணில் செருகிவிட்டு, அது எரிந்து முடியும்வரை பக்கத்தில் நிற்பார். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதெல்லாம் கண்ணாடியில் பின் இருக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது மேசையில் கார் ஓட்டப் பழகும் பள்ளியின் புத்தகம் கிடந்தது. அண்ணி சைக்கிள் பின்னால் உட்காரவே பயப்படுகிற ஆள். "எதுக்கு அண்ணி இந்த வயசுல?" என்று கேட்டேன். "உன்னை எத்தனை நாளைக்கும்மா அலைய வைக்கிறது? லைசன்ஸ் எடுத்துட்டா நானே போயிக்குவேன்," என்றார். எங்கள் வீடுகளில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மூலைக் கடைக்குப் போனாலும் போயிட்டு வரேன் என்றுதான் சொல்வார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அமைதியாக இருந்தது. அந்த மேட்டில், முந்துகிற பாதையில், கார் தளரும் இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் எதற்காக ஓட்டப் பழகுகிறார் என்பது அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. லைசன்ஸ் கைக்கு வருவதற்குள் அந்தக் காரில் என்ன கோளாறு என்று நான் கண்டுபிடித்தாக வேண்டும். அண்ணன் போனதே தாங்க முடியவில்லை. அண்ணியையும் அந்த மரத்துக்குக் கொடுக்க என்னால் முடியாது.

தம்போய் மெக்கானிக் பேச்சில் மன்னன். வேலையிலும் மோசமில்லை, ஆனால் ஒரு குறையைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அதற்கு ஒரு கதை கண்டுபிடித்துவிடுவார். முதலில் டீசல் வடிகட்டி என்றார், மாற்றினார். பிறகு டர்போவே தேய்ந்திருக்கும் என்று அதன் அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாய்களில் கசிவு இருக்கும் என்று சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்தார், ஒரு நுரைகூட வரவில்லை. பட்டறையில் நிறுத்தி எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் விசில் ஜோராக எழுந்தது. "காடிக்கு ஒண்ணும் இல்ல லா," என்று கையைத் துடைத்துக்கொண்டார். சோதித்துப் பார்க்க அந்த மேட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்டதற்கு, "அங்க மட்டும் கூப்புடாதீங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு," என்றுவிட்டார். போதாததற்கு முன் கண்ணாடியில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டார். இப்படி ஒரு வீரனிடம் வந்து மாட்டிக்கொண்டேனே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆனாலும் அவர் ஓர் உருப்படியான காரியம் செய்தார். டர்போ ஊதும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் சின்ன முள் கடிகாரம் ஒன்றை மெல்லிய குழாயால் எஞ்சினோடு இணைத்து, என் கண்ணுக்கு முன்னால் ஒட்டிவிட்டார். அந்தச் சனிக்கிழமை மேட்டில் ஏறும்போது முள் மெல்ல மேலே போனது. அதன் உச்சியில் ஒரு கணம் நடுங்கி நின்றது. பிறகு யாரோ விரலால் தள்ளுவதுபோலப் பூஜ்யத்துக்கு இறங்கியது. விசிலும் அடங்கியது. அண்ணியும் அதைப் பார்த்தார். "பாரு, கைய வச்சுட்டாரு," என்றார். எனக்கு வேறொன்று பட்டது. பேய் பிடித்து இழுத்தால் வண்டி நிற்கலாம், காற்றழுத்தம் ஏன் குறைய வேண்டும்? எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. அதனால்தான் எரியாத டீசல் கறுப்புப் புகையாக வெளியே வருகிறது. அந்த மூச்சு எங்கே அடைபடுகிறது என்பதுதான் கேள்வி. நிறுத்திப் பானெட்டைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நாம் பார்க்காதபோது மட்டும் ஏதோ நடக்கிறது.

எங்கள் தொழிற்சாலையிலும் இப்படிச் சில இயந்திரங்கள் உண்டு. ஆள் பக்கத்தில் நின்றால் சாதுவாக ஓடும், நகர்ந்தால் சரக்கைக் கெடுக்கும். அதற்கு நாங்கள் கேமராவைக் கட்டிவிடுவோம். என்னுடைய பழைய கைப்பேசியைப் பானெட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பட்டிகளால் இறுக்கிக் கட்டி, வீடியோவை ஓடவிட்டு, அண்ணி பாலர் பள்ளிக்குப் போயிருந்த ஒரு பகலில் தனியாக அந்த மேட்டுக்குப் போனேன். அண்ணி இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. சிரிக்காதீர்கள், பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. செம்பனை வரிசைகள் கடந்து போகும்போது ஒவ்வொரு சந்தும் ஒரு கணம் திறந்து, கடைசிவரை தெரிந்து, மூடிக்கொள்ளும். ஒவ்வொன்றின் கடைசியிலும் வெள்ளைச் சட்டை ஒன்று நிற்பதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. விபத்தன்று அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பெடலைத் தரையோடு அழுத்தினேன். விசில் எழுந்தது, ஏறியது, அடங்கியது. "அண்ணா, போதும் விடு," என்று நான் வாய்விட்டுச் சொன்னது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

மேட்டைத் தாண்டிச் சாலையோரத்து ஒட்டுக்கடை ஒன்றில் வண்டியை நிறுத்தி, ஒரு தேநீரைச் சொல்லிவிட்டு அந்த வீடியோவைப் பார்த்தேன். திரையில் எஞ்சின் குலுங்கிக்கொண்டிருந்தது. செம்மண் தூசி படிந்த பெட்டிகள், கம்பிகள், மூடிகள். அவற்றுக்கு நடுவே, காற்று வடிகட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் கறுப்பு ரப்பர் குழாய், கை மொத்தம் இருக்கும், பளபளவென்று கிடந்தது. முதலில் அது லேசாக ஒடுங்கி விரிந்துகொண்டிருந்தது, தூங்குகிறவரின் தொண்டைக்குழி மாதிரி. மேடு வந்தது. சத்தத்தில் விசில் ஏறியது. அப்போது அந்தக் குழாயின் நடுப்பகுதி உள்ளே குழிய ஆரம்பித்தது. யாருடைய கையும் அங்கே இல்லை. கண்ணுக்குத் தெரியாத இரண்டு கட்டைவிரல்கள் அழுத்துவதுபோல அது மெல்ல மெல்லத் தட்டையாகி, முழுவதும் ஒட்டிக்கொண்டது. விசில் நின்றது. நான் பேசியதும் லேசாகக் கேட்டது. பிறகு நான் காலை எடுத்த நொடியில் குழாய் பொக்கென்று விரிந்து, ஒன்றும் அறியாததுபோலப் பழையபடி கிடந்தது. காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. இளகிப்போன குழாய், டர்போ உறிஞ்சுகிற வேகம் தாங்காமல் தன்னைத்தானே மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஊருக்குள் யாரும் பெடலை அவ்வளவு அழுத்துவதில்லை. நீண்ட சமதளத்தில் ஓடிச் சூடான பிறகு வருகிற முதல் பெரிய ஏற்றம் அது என்பதால்தான் எப்போதும் அதே இடம். இவ்வளவு புரிந்த பிறகும் கைப்பேசியை மேசையில் கவிழ்த்துவைத்துவிட்டு, தேநீரைத் தொடாமல், வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அழுகை வந்தது வேறொன்றை நினைத்து. பெடலைத் தரையோடு அழுத்தினால்தான் அந்தக் குழாய் மூடிக்கொள்ளும். யாருக்காகவோ காத்திருக்கிறவன் பெடலை அப்படி அழுத்த மாட்டான். அண்ணன் அந்த லோரியைத் தாண்டிவிடத்தான் பார்த்திருக்கிறார். வண்டி போகவில்லை என்றதும் இன்னும் அழுத்தியிருப்பார், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். ஒரு நொடி காலை எடுத்திருந்தால் குழாய் திறந்திருக்கும்.

மறுநாளே மெக்கானிக்கிடம் போய்க் காட்டினேன். "அலமாக்!" என்று தலையில் கைவைத்தார். குழாயைக் கழற்றி அமுக்கினார். வேகவைத்த குடல் மாதிரி தொளதொளவென்று மடிந்தது. எஞ்சினிலிருந்து வருகிற எண்ணெய்ப் புகை குழாயின் உள்பக்கத்தை இளக்கிவிடும், பழைய காரில் அது சகஜம் என்றார். பிறகு விரலை உள்ளேயும் வெளியேயும் வைத்துப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். "உள்ளாரவிட வெளியிலதான் அதிகமா ஊறியிருக்கு. யாரு இதுக்கு எண்ணெய் போட்டது?" முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். சூட்டில் காய்ந்து சிக்கு ஏறியிருந்தாலும் அந்த வாசனை எனக்குத் தெரிந்ததுதான். நல்லெண்ணெய்.

ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜைக்குக் கூலாய்க் கோவில் வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். எல்லாருடைய வண்டியும் வெளியேதான் மின்னும். எங்கள் அண்ணன் கார் மட்டும் பானெட்டைத் திறந்தாலும் மின்னும். முதல் நாள் மாலையில் அண்ணி ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும் பழைய வேட்டித் துணியும் வைத்துக்கொண்டு, எஞ்சினில் இருக்கும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிடுவார். கை எட்டும் இடத்தில் இருந்த பெரிய குழாய்க்குத்தான் அதிக உபசாரம். அது கருகருவென்று பளபளக்கும். அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தால் சாமி சிலை மாதிரி இருக்கும். பூஜை முடிந்த பிறகும் மாதம் ஒருமுறை தேய்த்துவிடுவார். "எனக்குக்கூட இப்படி எண்ணெய் தேச்சுவிட்டதில்ல இவ," என்று அண்ணன் கேலி செய்வார். நாங்கள் எல்லாரும் சிரிப்போம். எண்ணெய் ரப்பரை இளக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வருஷக்கணக்கில் அன்பாகத் தேய்த்துத் தேய்த்து அந்தக் குழாயைக் கொன்றவர் அண்ணி.

என் நிலைமையைப் பாருங்கள். அவர் வாய்ச்சொல்லால் அண்ணன் சாகவில்லை என்பதற்கு என் கையில் சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சியே அவர் கையைக் காட்டிக்கொடுக்கிறது. மெக்கானிக்கை முறைத்து, "இத யார்கிட்டயும் சொல்லக்கூடாது. புகையாலதான் கெட்டுப்போச்சு, புரியுதா?" என்றேன். வாய் ஓயாத அந்த மனிதர் அன்று மட்டும் தலையை ஆட்டினார். அண்ணியிடம் பாதி உண்மையைச் சொல்வதென்று முடிவெடுத்தேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்து வீடியோவைக் காட்டினேன். பெடலை அழுத்தியதால்தான் மூடிக்கொண்டது என்று விளக்கினேன். அண்ணி இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு மறுபடியும். திரையில் அந்தக் குழாய் தட்டையாகும் இடத்தில் விரலை வைத்தார். "அப்போ, அவரு அழுத்திக்கிட்டேதான் இருந்தாரா?" "ஆமா அண்ணி. கடைசிவரைக்கும்." "அப்போ வரத்தான் பார்த்துருக்காரு." "வேற எங்க போவாரு? வீட்டுக்கு வரத்தான்." விரலை எடுக்காமலே, "இந்த ரப்பர் ஓஸ் ஏம்மா இப்படி ஆச்சு?" என்று கேட்டார். "பழசாயிடுச்சு அண்ணி. எஞ்சின் புகைல ஊறிப்போச்சாம்." அவர் தலையசைத்தார். அண்ணன் இறந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழட்டும் என்று விட்டேன். ஒரு பெரிய பாரம் இறங்கியது என்று நினைத்தேன். பெரியப்பாவிடமும் காட்டினேன். "நான் அப்பவே சொன்னேன், காடியிலதான் கோளாறுன்னு," என்றார். அவரை என்ன செய்வது?

புதுக் குழாய் போட்ட அன்று தம்போயிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, அண்ணியை அழைத்துக்கொண்டு அந்த மேட்டுக்குப் போனேன். போகலாம் என்று கேட்டது அவர்தான். அந்த இடம் நெருங்க நெருங்க அண்ணியின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். பெடலைத் தரையோடு அழுத்தினேன். விசில் ஏறியது, ஏறிக்கொண்டே போனது, மரம் வந்தது, மரம் பின்னால் போனது, உச்சி வரை அது அடங்கவில்லை. அண்ணி கண்ணைத் திறந்து, பெருமூச்சு விட்டு, "வீட்டுக்குப் போலாம்," என்றார். கோப்பி பிளாஸ்கில் அப்படியே இருந்தது. கார் பழகுவதை மட்டும் அவர் விடவில்லை. இனி விட்டால் என்ன, எடுத்தால் என்ன என்று நானும் கேட்கவில்லை.

இப்போது அண்ணி நன்றாகவே ஓட்டுகிறார். பாலர் பள்ளிக்கும் சந்தைக்கும் அதே காரில்தான் போய் வருகிறார். என்னைவிட நிதானம். இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை வேலையிலிருந்து வந்தவள் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். பானெட் திறந்திருந்தது. அண்ணி துணியைக் கிண்ணத்தில் நனைத்துப் பிழிந்து அந்தப் புதுக் குழாயை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். "அண்ணி, அதுல எண்ணெய் போடாதீங்க!" என்று கத்திவிட்டேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணிதாம்மா," என்று கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினார். "எண்ணெய் பட்டா ரப்பர் கெட்டுப்போயிரும்ல."

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"நீ போன்ல காட்டுனப்பவே. மத்ததெல்லாம் தூசி புடிச்சுக் கெடக்கு, அது ஒண்ணுதான் மினுமினுன்னு இருக்கு. என் கைவேலை எனக்குத் தெரியாதா?"

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"நீயும்தான் சொல்லல." குழாயை மெதுவாகத் துடைத்தபடி பேசினார். "அவருகிட்டயே கேட்டுட்டேன். புது ஓஸ் போட்டு மேட்டுல ஏறுனோமே, அன்னைக்கு. என் மேல கோவம்னா இப்ப காடிய நிறுத்துங்க, நான் உங்ககிட்ட வந்துர்றேன்னு மனசுக்குள்ள சொன்னேன். நிறுத்தல. போன்னு விட்டுட்டாரு." சந்தனத்தைக் குழைத்துக் குழாயின்மேல் வைத்து, அதன் நடுவில் குங்குமம் இட்டார்.

ஒரு ரப்பர் குழாயை மாற்றி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். புதுக் குழாய் போட்ட அன்று பட்டறையில் நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மெக்கானிக் வேலை முடிந்து பானெட்டை மூடப் போனவர், என்ன தோன்றியதோ, டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகும் மற்றக் குழாயைக் கையால் இழுத்துப் பார்த்தார். வேலைக்காகக் கழற்றி மாட்டியதில் அதன் கிளிப்பை இறுக்க மறந்திருந்தார். "நல்ல வேளை லா," என்று சிரித்துக்கொண்டே முறுக்கினார். நானும் சிரித்தேன். அவர் அதை இழுத்துப் பார்க்காமல் மூடியிருந்தால் பாதி மேட்டில் குழாய் கழன்றிருக்கும், விசில் அடங்கியிருக்கும், வண்டி நின்றிருக்கும். அண்ணி அதையே அண்ணனின் பதிலாக வாங்கிக்கொண்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வீடு வந்து சேர்ந்திருப்பார். அதற்கு அடுத்த வாரம்தான் அவருக்கு லைசன்ஸ் சோதனை இருந்தது.